கோட்டு அலுமாரி

ஏரிக்கரை வீடு தன்னுடையதுதான் என்று, சம்பந்தம் பேச வந்தவர்களிடம் யோகலிங்கம் சொல்லி முடித்த சற்று நேரத்தில் வீடு குளிரத் தொடங்கியது. தரையோரமாக வந்துகொண்டிருந்த சூட்டுக்காற்று நின்றுபோயிருந்தது.

"ஃபர்னஸ் நிண்டுட்டுது போல. ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன் பேரம்பலம்.

யோகலிங்கம் வீட்டுக்காரனுக்குரிய நடையோடு எழுந்து போய் ஒரு கதவைத் திறந்தார். குளியலறை. அடுத்ததற்குள் உடுப்புத் தோய்க்கும் மெசின். இந்த வார இறுதிக்கு மட்டும் வாடகைக்கு எடுத்த வீட்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எங்கே இருக்கிறதென்று அவருக்கு எப்படித் தெரியும்? முதுகுக்குப் பின்னால் பேச்சு நின்றுவிட்டது. மகள் தலை நிமிராமல் பிஸ்கட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். மனைவி கண்ணாடிக்கு வெளியே, உதிர்ந்துகொண்டிருந்த மேப்பிள் இலைகளையே பார்த்தாள். மூன்றாவது கதவுக்குள் யார் யாருடையவோ குளிர்க் கோட்டுகள் தொங்கின. திரும்பி அந்த முகங்களைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. உள்ளே போய், கோட்டுகளுக்கு நடுவில் நின்று, கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்னவாம் பிழை?" பேரம்பலத்தின் குரல் கதவுக்கு மிக அருகில் கேட்டது.

"சின்னப் பிழைதான். இப்ப சரி வந்திடும்" என்றார் யோகலிங்கம் இருட்டுக்குள்ளிருந்து.

பிறகு பக்கத்துக் கதவு திறபட்டது. யாரோ நிதானமாகப் படியிறங்கிப் போனார்கள். கீழே ஏதோ தட்டுப்பட்டு, உறுமி, ஓடத் தொடங்கியது. காலடிகள் திரும்பி மேலே வந்தன.

"அப்பா திருத்திப்போட்டார், பிள்ளை" என்று பேரம்பலம் கூடத்தில் யோகலிங்கத்தின் மகளிடம் சொல்வது கேட்டது. "இனிக் குளிராது."

கோட்டுகள் மெல்லச் சூடேறின. யோகலிங்கத்தின் கை கதவுப்பிடியிலேயே இருந்தது.