வெறுங்கை

கல்லறைத் தோட்ட வாசலில் வழக்கம்போல் கையுறைப் பெட்டி இருந்தது. இந்த நகரத்தில் யாரைப் புதைத்தாலும் கையுறை மாட்டிக்கொண்டுதான் குழியில் மண் போட வேண்டும். வெறுங்கையால் மண்ணைத் தொடக் கூடாது என்பது நான் பிறப்பதற்கு முன்பே வந்த சட்டம்.

என் மனைவி பிலோமினா முப்பத்தொரு வருடம் மாநகராட்சிக்காகத் தெருத்தெருவாக மண் எடுத்து, அதில் ஈயம் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று பார்த்தவள். அவள் சிவப்புப் பலகை நட்ட இடத்தில் பிள்ளைகள் விளையாட முடியாது. அதற்காக அவளைத் திட்டாத தெருவே இல்லை. அந்தத் தெருக்காரர்கள்தான் இன்று அவள் குழியில் மண் போட வரிசையில் நின்றார்கள்.

"அந்தப் பலகைய ஒரு தடவ புடுங்கிப் போட்டவ நான்" என்று ஒரு பெண் அழுதாள். "எம் புள்ள நல்லா இருக்கான்னா அது இவங்களாலதான்."

சவப்பெட்டியை மூடப் போகும்போது, பிலோமினாவோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த நஸ்ரின் ஓடி வந்தாள்.

"அண்ணே, அக்கா கடைசியா எடுத்த சாம்பிள் இந்தக் கல்லறை மண்ணுதான். ரிசல்ட் இப்பதான் வந்துச்சு. சுத்தமா இருக்குண்ணே. கையால தொடலாம்."

கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பிடி அள்ளினேன். மண் இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று பிலோமினா சொன்னதே இல்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? முப்பத்தொரு வருடமும் கையுறை போட்டுத்தானே மண்ணைத் தொட்டாள்.

"கொஞ்சம் இருங்க, மூடாதீங்க" என்றேன்.

சவத்துக்கு மாட்டியிருந்த வெள்ளைக் கையுறையைக் கழற்றி, அவள் உள்ளங்கையில் அந்த மண்ணை வைத்தேன்.