கண்ணாடித் தட்டில் வெள்ளைத்தாய்

பருத்திமார் விறகு எரித்த அடுப்பில் வெள்ளைத்தாயின் முழங்கை வெந்துபோனபோது, அவள் தொடையில் நகத்தளவு தோலெடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்த்து ஒட்டியவர் அருப்புக்கோட்டை டாக்டர் கஸ்தூரி. கை ஆறிவிட்டது. அடுத்த கோடையில் வந்த காய்ச்சலில் வெள்ளைத்தாய் போய்ச் சேர்ந்தாள். ஒட்டியதுபோக மிஞ்சிய தோல் மட்டும் டாக்டரின் ஆய்வறையில் வளர்ந்துகொண்டிருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு, அவள் புருஷன் கோட்டைச்சாமி ரெட்டியபட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தார்.

"உயிர் இருக்கு. ஆனா நரம்பு கிடையாது, தொட்டாலும் தெரியாது" என்றார் டாக்டர்.

கோட்டைச்சாமி வாசலிலேயே நின்றார். வெள்ளைத்தாய் ஒருநாளும் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரிதான் சொல்ல வேண்டும். அடுத்தவர் சொல்லக் கேட்டாலே அவளுக்குக் கையெல்லாம் புல்லரித்துவிடும். சட்டென்று முந்தானையால் மூடிக்கொள்வாள்.

"கோட்டைச்சாமி, கிட்ட வந்து பாருங்க."

தட்டிலிருந்த தோல் பொடிப்பொடியாகப் புல்லரித்தது.

டாக்டர் குனிந்து உற்றுப் பார்த்தார். கோட்டைச்சாமி தோளில் கிடந்த துண்டை உருவி, தட்டை மெல்ல மூடினார்.

"அப்பிடிப் பாக்காதீக டாக்டரம்மா. அவ கூச்சப்படுவா."