விருதுக்காரர்

"ஏங்க, அவரு வந்துட்டாரு!" தனலெட்சுமி கிசுகிசுத்தாள்.

மலேசியாவின் சுங்கை வேயில் அவர்களுடைய தோசைக் கடைக்கு ஒரு வாரமாக வரும் அந்த ஆள் யாரென்று நாகையாவுக்கு நேற்றுதான் தெரிந்தது. வணிகப் பத்திரிகைக்காரராம். சின்ன வியாபாரிகளுக்கு விருது கொடுத்துப் புத்தகமும் போடுகிற பத்திரிகை.

"சொல்லாம வந்துதான் சோதிப்பாங்களாம். விருது கிடைச்சா கடை லைசென்சுக்கு ஆபீஸ் ஆபீஸா அலைய வேணாம் லா. நல்லா கவனி."

தனலெட்சுமி கெட்டிச் சட்னியோடு போனாள்.

"காலையில எத்தனை மணிக்குக் கடை திறப்பீங்க அக்கா?"

"அஞ்சுக்கே தம்பி."

"ரெண்டே பேருதானா? கூட்டம் வந்தா சிரமமா இல்ல?"

"உழைச்சாத்தானே தம்பி வியாபாரம்!" என்றாள், விருது மேடையில் நிற்பதுபோல.

அவர் எழுந்து நாகையாவிடம் வந்தார். நாகையா கையைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, இந்த வருஷம் விருதும் இல்ல, புத்தகமும் இல்ல. நிலைமை சரியில்லன்னு போன மாசமே எங்களை வேலையிலேருந்து நிறுத்திட்டாங்க. வீட்டுல இன்னும் சொல்லல. இங்க தட்டு கழுவ ஆள் வேணுமா?"

தனலெட்சுமிதான் பேசினாள்.

"தட்டு கழுவ இவரு இருக்காரு. நீங்க உட்கார்ந்து, லைசென்சுக்கு மலாய்ல ஒரு கடுதாசி எழுதுங்க தம்பி."