பத்தாயிரம் அடி

தினமும் பத்தாயிரம் அடி நடக்கிறார் என்று ஆயுள் காப்புறுதிக் கம்பனி போன வாரம்தான் மிளகு வியாபாரி உதயராஜை மாத்தளையில் மேடையேற்றி மாலை போட்டது.

இன்று அதே கம்பனி அவர் மனைவி கிருஷாந்தியைப் போனில் அழைத்தது.

"மேடம், நாங்க குடுத்த அடி எண்ணுற கடிகாரம் ஐயாவோட நாடித்துடிப்பு நூற்றித் தொண்ணூறுன்னு காட்டுது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!"

கிருஷாந்தி தாலியைப் பிடித்தபடி கடைக்கு ஓடினாள். உதயராஜ் கல்லாவில் சாய்ந்து உளுந்துவடை தின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, நெஞ்சு வலிக்குதா? கடிகாரம் எங்க?"

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளிறியது. தோட்டத்துக் கங்காணிக்குப் போன் போட்டார்.

"மேட்டுத் தோட்டத்துல மிளகு பறிக்கிற மாரியாயி எப்படி இருக்கா?"

"மயங்கி விழுந்துட்டா முதலாளி. ஆஸ்பத்திரிக்குத் தூக்குறோம்."

"பொறுய்யா! முதல்ல அவ கையில இருக்கிற என் கடிகாரத்தைக் கழட்டு!"