இன்னும் ஒரு வாரம்

“சார், வார்டெல்லாம் காத்து வாங்குது. புதுசா யாரும் அட்மிட் ஆகல. இதுக்கு மேல எதுக்காகக் காத்திருக்கோம்?”

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் கேட்டார். நகரத்தின் சுகாதார அதிகாரி நாற்காலியில், கழுத்தைச் சுற்றிப் பழைய படுக்கைவிரிப்போடு உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்று அவர் மனைவி முடி வெட்டிக்கொண்டிருந்தாள். சலூன்களை மூடச் சொல்லி உத்தரவு போட்டவரே அவர்தான் என்பதால், அந்த வேலை அவள் தலையில் விழுந்திருந்தது.

“எதுக்கும் இன்னும் ஒரு வாரம் பார்ப்போமே டாக்டர்.”

“போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க. அப்ப நானும் உங்க பக்கம்தான் நின்னேன். இப்ப என்னால முடியாது சார். சாயங்காலத்துக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்டா, நாளைக்கே ஊரைத் திறந்துடலாம். யோசிங்க.”

போன் அடங்கியது.

“தலையை ஆட்டாதீங்க, காது போயிடும்” என்றாள் மனைவி.

“நான் எங்க ஆட்டினேன்?”

“டாக்டர் பேசப் பேச, வேண்டாம் வேண்டாம்னு ஆட்டினீங்களே.”

அவர் சிரித்துவிட்டார். ஊரடங்குக்கு முன்பெல்லாம் அவர் வீட்டுக்கு வந்ததே தூங்குவதற்குத்தான். பேச்சும் சிரிப்பும் வாசலுக்கு வெளியிலேயே தீர்ந்துபோயிருக்கும்.

“எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினை வித்துட்டார், தெரியுமா?” என்றாள், சீப்பை உதறிக்கொண்டே.

“எப்ப?”

“நேத்து. அவர் சம்சாரம் ஜன்னல் வழியா சொல்லி அழுதாங்க. கடை திறக்கும்னு பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போச்சாம்.”

அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “அவசரப்பட்டுத் திறந்து, மறுபடியும் பரவிட்டா?”

“நிஜமாவே அந்தப் பயம் இருக்கா உங்களுக்கு? ஆபத்து நீங்கிடுச்சுன்னு நேத்து சாப்பிடும்போது நீங்கதானே சொன்னீங்க.”

கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

“கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. வேற ஏதாவது காரணம் இருக்கா?”

திரும்பிப் பார்த்திருந்தால் அவள் முகம் தெரிந்திருக்கும். அவர் எதிர்ச் சுவரையே பார்த்தார்.

“இல்லையே. வேற என்ன காரணம் இருக்கப் போகுது?”

கத்தரிக்கோல் மறுபடியும் ஓடியது.

“அப்போ திறந்துடுங்க” என்றாள். “நாம ரெண்டு பேர் வீட்டுக்குள்ள நல்லா இருக்கோம்கறதுக்காக, ஊரையே பூட்டி வைக்கறது நியாயமில்ல.”

“உனக்குப் பரவாயில்லையா?”

“எனக்கென்ன?”

படுக்கைவிரிப்பைக் கூடக் கழற்றாமல் உத்தரவில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார் அவர். சற்று நேரத்தில் செய்தி பரவிவிட்டது. மாடிகளிலிருந்து கைதட்டல் கேட்டது. யாரோ வேண்டுமென்றே ஸ்கூட்டர் ஹாரனை விடாமல் அடித்தார்கள். டாக்டர் மறுபடியும் கூப்பிட்டார்.

“நல்ல காரியம் பண்ணினீங்க சார். வீட்ல அம்மாவுக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்க. பாவம், உங்களோட சேர்ந்து அவங்களும் அடைஞ்சு கிடந்தாங்க.”

“சொல்றேன்” என்றார்.

அவள் துண்டால் அவர் பிடரியில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டாள். முடியெல்லாம் உதிர்ந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

“பின்பக்கம் கொஞ்சம் ஏறி இறங்கிடுச்சு. அடுத்த தடவை சலூன்லயே வெட்டிக்குங்க.”

“சரி” என்றார்.

அவள் உள்ளறைக்குப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். நாளைக்குக் கடைகளோடு நீதிமன்றமும் திறக்கும். தன் சாமான்களை எடுத்துப்போக வந்த இடத்தில் ஊரடங்கால் பஸ் நின்றுபோய் அவள் இந்த வீட்டில் மாட்டிக்கொண்ட அன்று, அவர்களுடைய விவாகரத்து வழக்கில் தீர்ப்பு மட்டும்தான் பாக்கி இருந்தது.