பக்கத்து மேசைச் செடிகள்

பசுமைக்குடிலின் கதவைத் திறந்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது பக்கத்து மேசைதான். சிடுமூஞ்சியின் பட்டாணிச் செடிகள் ஒன்றுவிடாமல் காய்ந்து சருகாகிக் கிடந்தன.

பயந்துகொண்டே தன் மேசையைப் பார்த்தாள். அவளுடைய காராமணியில் நிமிர்ந்து நிற்க வேண்டியது நிமிர்ந்து நின்றது. வெளுக்க வேண்டியது வெளுத்திருந்தது. அப்பாடா என்று அங்கேயே சாய்ந்துகொண்டாள்.

சிடுமூஞ்சி என்பது அவள் வைத்த பெயர். இரண்டு பேருக்கும் ஒரே பேராசிரியர், ஒரே குடில், அடுத்தடுத்த மேசை. ஆனாலும் அந்த மனிதர் "கதவைச் சாத்துங்க", "வாளியை நகர்த்துங்க" என்பதற்கு மேல் அவளிடம் பேசியதில்லை. அதனால்தானோ என்னவோ, காய்ந்த செடிகளைப் பார்த்ததும் 'ஐயோ பாவம்' என்பதோடு 'நல்லா வேணும்' என்பதும் சேர்ந்தே வந்தது.

அவளும் செடிகளை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனவள்தான். மகளுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடவே திணறி, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. தோழியிடம் போனில் "செடியைப் பார்த்துக்கோடி" என்று சொன்னதோடு சரி. அப்புறம் செடி ஞாபகமே வரவில்லை. மகள் எழுந்து உட்கார்ந்து, பசிக்குதும்மா என்று கேட்ட பிறகுதான் உயிரே வந்தது. உயிர் வந்ததும் செடி ஞாபகமும் வந்தது.

பயறு வகைச் செடிகள் கெட்டிக்காரச் செடிகள். வேரில் சின்னச் சின்ன முடிச்சு போட்டு, அதில் பாக்டீரியாவைக் குடிவைக்கும். செடி சர்க்கரை கொடுக்கும். பதிலுக்கு அவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கித் தரும். செடிக்கு ஏதோ ஒரு சத்து குறைந்தால் இந்தக் குடித்தனம் என்ன ஆகும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கழுவிய மணலில் விதைத்து, ஒரு வரிசைக்கு எல்லாச் சத்தும் கொடுத்தாள். மற்ற வரிசைகளில் ஒன்றுக்குப் பாஸ்பரஸ் இல்லை, ஒன்றுக்கு இரும்பு இல்லை, இன்னொன்றுக்கு மாலிப்டினம் இல்லை.

இதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் இல்லாத உப்பா? அது கொஞ்சம் கலந்தாலும், செடிக்குக் கொடுக்காமல் வைத்த சத்து பின்வாசல் வழியாக உள்ளே போய்விடும். போன முறை அப்படித்தான் எல்லாம் பாழானது. இந்தப் பருவத்தோடு அவளுக்குக் கொடுத்த கெடுவும் முடிகிறது. மறுபடி விதைக்க நேரமில்லை.

தோழியைத் தேடிப் போய்க் கட்டிக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலடி, விடு," என்றாள் தோழி.

என்ன ஒரு தன்னடக்கம் என்று இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து மேசைக்கு என்ன ஆச்சு என்று விசாரித்ததற்கு, கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்கள் என்று பதில் வந்தது. அதை இவளும் இரண்டு பேரிடம் சொன்னாள், தன் பங்குக்குக் கொஞ்சம் காரம் சேர்த்து.

செடிகளைப் பிடுங்கிப் பார்க்கும் நாளில் பேராசிரியர் அம்மாவே பக்கத்தில் வந்து நின்றார். எல்லாச் சத்தும் பெற்ற செடியின் வேரில் கொத்துக் கொத்தாக முடிச்சு. வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு, நைட்ரஜன் பிடிக்கிற முடிச்சின் நிறம். பாஸ்பரஸ் இல்லாததில் கடுகு போல அங்கொன்றும் இங்கொன்றும்தான். இரும்பு இல்லாததில் முடிச்சுகள் சிறுத்து, சோகை பிடித்துப் போயிருந்தன. மாலிப்டினம் இல்லாததில் முடிச்சுக்குக் குறைவில்லை. ஆனால் வெட்டிப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெளிறிய பச்சை.

இவ்வளவு சுத்தமாக முடிவு வந்து வெகுநாளாயிற்று என்றார் பேராசிரியர். அவளுக்குக் கால் தரையில் படவில்லை. எல்லாப் புண்ணியமும் என் தோழிக்குத்தான் மேடம், ஆய்வேட்டில் முதல் நன்றி அவளுக்குத்தான் என்றாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பொண்ணு ஒரு தடவை வந்தா. ஏற்கெனவே தண்ணி ஊத்தியிருக்குன்னு பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டா. நீ போன மறுநாளே தண்ணி வடிக்கிற மெஷின் பழுதாயிடுச்சும்மா. பக்கத்து மேசைக்காரர் செடிக்கும் அதே தண்ணிதான் ஊத்தணும். பாக்கி இருந்தது ஒரு மேசைக்குத்தான் காணும். யாரோடதை நிறுத்தறதுன்னு நான் யோசிச்சுட்டிருக்கேன், அதுக்குள்ள அவர் 'என்னோடதை நான் திரும்ப விதைச்சுக்கறேன்'னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார். உனக்கு வரிசை மாறாம ஊத்தினதெல்லாம் அவர்தான்."

அவள் மண் ஒட்டிய கையோடு குடிலுக்கு ஓடினாள்.

அவர் வாளியில் மணலைக் கழுவிக்கொண்டிருந்தார். புதிதாக விதைக்க. அவள் வந்து நின்றதைப் பார்த்தும் நிமிரவில்லை. நன்றி சொல்லத்தான் ஓடி வந்தாள். அழுகைதான் வந்தது.

"உங்க செடியெல்லாம் போயிடுச்சே," என்றாள். "எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே?"

அவர் வாளித் தண்ணீரைச் சாய்த்தார். அதே சிடுசிடுப்போடு சொன்னார்:

"சொல்லியிருந்தா நீங்க குழந்தையை விட்டுட்டு ஓடி வந்திருப்பீங்க."