மடியில் டீசல் கேன்

டீசல் கேன் தமயந்தியின் மடியில் இருந்தது. அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் ஜன்னல் வழியாக வெளியேறி பானெட்டுக்குள் போயிற்று. பழைய கார், மேடு ஏறும்போது சில நாள் இழுவை போய்விடும், சில நாள் ஒன்றும் ஆகாது. மெக்கானிக் கையில் ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. "டேங்கை விட்டுட்டு கேன்லருந்து ஓட்டிப் பாருங்க. அப்பவும் இழுவை போச்சுன்னா பம்புல கோளாறு. போகலைன்னா டேங்க்ல" என்று அவர் சொல்லியனுப்பினார். கேனைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்ததால் லோகநாதன் அவளையும் ஏற்றிக்கொண்டான். எப்படியும் இருவரும் ஒரே கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். இன்று போகாவிட்டால் விவாகரத்துக்கு வேறு தேதி வாங்க வேண்டும்.

"ஒழுகுதா?"

"இல்ல."

அவள் சேலையில் டீசல் வாடை ஏறியிருந்தது. கார் எல்லா மேட்டிலும் சாதாரணமாக ஏறியது. "டேங்க்தான் போலருக்கு" என்றான் அவன். கோர்ட்டுக்கு முன்னால் மேம்பாலம் ஒன்றுதான் பாக்கி. அதில் ஏறும்போது தமயந்தி குழாயை விரல்களுக்குள் மடக்கிப் பிடித்தாள். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இன்ஜின் தளர்ந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தபடி விலகிப் போனது. லோகநாதன் திரும்பி, மடங்கிக் கிடந்த குழாயைப் பார்த்தான், அவள் விரல்களைப் பார்த்தான். காரை ஓரங்கட்டி நிறுத்தினான்.

"அப்ப டேங்க் இல்ல" என்றான். "பம்புதான்."